[சொல் உதவி] சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி மறுப்பதற்குத் தமிழில் என்ன சொல்?

ம. எழுதியது:

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை ஒரு கையேடு அச்சுக்குப் போகவேண்டும். கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகள் இணையத்தில் கட்டுரை எழுதிப் பழகுவதற்கானது. அதில் ‘அடுத்தவர் கருத்தைப் பற்றி எழுதும்போது’ என்ற பகுதி இரண்டு சொற்கள் கிடைக்காமல் நிற்கிறது. ஒன்று, ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரா மேன்’ (வைக்கோல் ஆள்) என்பது, அதாவது ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டி அதை மறுப்பது. இன்னொன்று ‘பிரின்சிபிள் ஆஃப் சாரிட்டி’, அதாவது ஒருவர் சொன்னதற்கு இரண்டு பொருள் கொள்ள இடமிருந்தால் அவருக்கு நியாயம் செய்கிற பொருளையே கொள்வது.

ஏன் அவசரம் என்று சொல்கிறேன். போன வாரம் ஒரு கட்டுரையைக் கொடுத்து மறுப்பு எழுதச் சொன்னேன். அதில் இருந்த வரி: “எட்டாம் வகுப்பு வரை அறிவியலைத் தமிழில் கற்பித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்கு மாறலாம்.” ஒரு மாணவர் நோட்டில் இருந்தது: “ஆங்கிலமே வேண்டாம் என்கிறார் ஆசிரியர்.” அதற்குப் பிறகு மூன்று பக்கம், ஆங்கிலம் தெரியாவிட்டால் வேலை கிடைக்காது என்று அருமையாக எழுதியிருக்கிறார். நல்ல பிள்ளை, நல்ல நடை. ஆனால் ஒரு வரிகூட அந்தக் கட்டுரையைத் தொடவில்லை. ஓரத்தில் சிவப்பு மையால் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நோட்டின் ஓரத்தில் அடங்குகிற சொல்லாக வேண்டும்.

செ. எழுதியது:

அன்புள்ள ம. அம்மையாருக்கு,

நன்னூல் பாயிரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பவணந்தியார் எழுவகை மதம் (கொள்கை) சொல்கிறார். முதலில் உடன்படல், அடுத்து மறுத்தல், மூன்றாவது ‘பிறர்தம் மதமேற் கொண்டு களைவு’. பிறர் கொள்கையை முதலில் தான் ஏற்றுக்கொண்டு, அப்புறம்தான் களைய வேண்டும். இந்த ‘மேற்கொண்டு’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேற்கொள் என்ற வினை முதனிலை திரிந்து மேற்கோள் ஆயிற்று (கொள், கோள், பெறு, பேறு, கெடு, கேடு). ஆக, மேற்கோள் காட்டுவது என்றாலே அடுத்தவர் சொல்லைத் தன்மேல் ஏற்றிச் சுமப்பது. சிவஞானபோத வார்த்திகத்தில் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும். அங்கே மேற்கோள் என்பது ஒருவர் நிறுவ எடுத்துக்கொண்ட கருத்து. இன்று நாம் இரட்டைக்குறிக்குள் போடுவதை மேற்கோள் என்கிறோம். இரண்டும் ஒரே சுமைதான். அதைப் பாதி வழியில் மாற்றிவிடுவதை ‘மேற்கோட்பிழை’ எனலாம்.

ம. எழுதியது:

ஐயா, விளக்கம் மிக நன்றாக இருக்கிறது, வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் ‘மேற்கோட்பிழை’ என்று ஓரத்தில் எழுதினால் இரட்டைக்குறியை மூட மறந்துவிட்டோம் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

வ. எழுதியது:

வடமொழித் தருக்க நூலான நியாய நூலில் இதற்குத் தனிப்பெயரே உண்டு: சலம். எதிராளி சொன்ன சொல்லுக்கு அவர் நினைக்காத பொருளை ஏற்றி மறுப்பது. அதற்கு வாத்ஸ்யாயனர் எழுதிய உரையில் வரும் எடுத்துக்காட்டு, ‘நவகம்பளம் உடைய பையன்’. சொன்னவர் நினைத்தது புதுக் கம்பளம். நவம் என்றால் ஒன்பது என்றும் பொருள் உண்டல்லவா? எதிராளி உடனே, “இவனிடம் இருப்பது ஒன்றுதானே, ஒன்பது எங்கே?” என்று கேட்கிறான். இன்று கைபேசியில் நாம் பார்க்கிற பாதிச் சண்டை இந்த ஒன்பது கம்பளச் சண்டைதான். சொல்லும் நமக்குப் புதிதில்லை. “சலத்தால் பொருள்செய்தே மார்த்தல்” என்று குறளே (660) வஞ்சனைக்கு இந்தச் சொல்லை ஆள்கிறது.

பா. எழுதியது (யாழ்ப்பாணம்):

வணக்கம். வ. தம்பி, எங்கட பக்கம் சலம் என்றால் சிறுநீர். வகுப்பில் அதைச் சொல்லிவிட்டு மேலே பாடம் நடத்த ஏலாது.

என் யோசனை இது. வைக்கோல் பொம்மை என்று எழுதுகிறார்கள், அது பொருந்தாது. வயலில் நிற்பதை நாங்கள் வெருளி என்போம். அது காகத்தை விரட்ட நிற்பது, யாரும் அதை அடிப்பதில்லை. ஆங்கிலச் சொல்லில் இருப்பது அடித்து விழுத்தவென்றே கட்டிய உரு. நம்மிடம் அதற்குக் கொடும்பாவி இருக்கிறது. வைக்கோலைக் கட்டி, பழைய சட்டையை மாட்டி, ஒருவர் பெயரை எழுதித் தொங்கவிட்டு, தெருவில் இழுத்துவந்து கொளுத்துவார்கள். அந்த ஆளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அவர் எங்கோ தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். ‘கொடும்பாவி வாதம்’ என்றால் எந்தப் பிள்ளைக்கும் உடனே விளங்கும்.

செ. எழுதியது:

பாவி வடசொல். பா. அம்மையார், பிள்ளைகளுக்கு விளங்கினால் போதும், தமிழ்ச் சொல்லே ஆக்க வேண்டாம் என்கிறார். அப்படியே போனால் கலைச்சொல் என்று ஒன்றே தேவையில்லை, ஆங்கிலத்தையே எழுதிவிட்டுப் போகலாமே. நாற்பது ஆண்டுகளாக இந்தப் போக்கோடு போராடி வருகிறேன். பிற துறைகளில் சொல்லாக்கம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை…

பா. எழுதியது:

ஐயா, நான் அப்படிச் சொல்லவில்லை. சொல் ஆக்கவேண்டாம் என்று என் மடலில் எங்கே இருக்கிறது? ஏற்கெனவே ஊரில் புழங்கும் ஒரு சொல்லைக் கலைச்சொல்லாக எடுத்துக்கொள்வோம் என்றேன். அதுவும் சொல்லாக்கம்தான். வடசொல் என்ற உங்கள் மறுப்பு நேர்மையானது, அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தொல்காப்பியரே செய்யுள் ஈட்டச் சொற்களில் வடசொல்லுக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார். மற்றதற்கு நான் பதில் சொல்ல முடியாது. அது என் கருத்தில்லை.

செ. எழுதியது:

அம்மையாரே, உங்கள் மடலைத் திரும்பப் படித்தேன். நீங்கள் சொல்வது சரி. நாற்பது வருடமாக வேறு யார் யாரோடோ சண்டை போட்ட வேகத்தில் அவர்கள் பேச்சை உங்கள் வாயில் வைத்துவிட்டேன். மன்னியுங்கள். வடசொல் மறுப்பு மட்டும் நிற்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. நாம் பெயர் வைக்க நினைப்பது அநியாயமாகத் தாக்கப்பட்டவரின் உருவுக்கு. அதற்கே பாவி என்று பெயர் வைப்பது சரியா?

பா. எழுதியது:

இது நல்ல கேள்வி, ஐயா. ஆனால் கொடும்பாவி என்று கேட்கும்போது யாருக்கும் பாவம் நினைவுக்கு வருவதில்லை, வைக்கோலும் நெருப்பும்தான் வரும்.

ந. எழுதியது:

இருவர் மடலையும் வாசித்த பிறகு ஒன்று தோன்றியது. ‘திரிபு’ என்ற சொல்லைப் பலரும் இந்த இடத்தில் எழுதுகிறார்கள். அது தன்வினை. பால் திரிகிறது, புணர்ச்சியில் எழுத்துத் திரிகிறது, யாரும் அதற்குப் பொறுப்பில்லை. இங்கே ஒருவர் உட்கார்ந்து திரிக்கிறார். கயிறு திரிக்கிறான் என்று பேச்சிலேயே சொல்கிறோம். ஆக, பிறவினையில் ‘திரிப்பு’. திரிப்பு + உரை = திரிப்புரை. ஓரத்தில் அடங்கும். செய்தவர் ஒருவர் உண்டு என்பது சொல்லிலேயே தெரியும். ‘திரிபுரை’ என்று வைத்தால் திரிபுரா என்று வாசிப்பார்கள், அந்தச் சிக்கலும் இல்லை.

வ. எழுதியது:

திரிப்புரைக்கு என் வாக்கு. ஒரே குறை, வேண்டுமென்றே செய்தது போலத் தொனிக்கிறது. ம. அவர்களின் மாணவர் வேண்டுமென்று செய்திருக்கமாட்டார், அவசரத்தில் வாசித்திருப்பார். அவர் நோட்டில் இந்தச் சொல்லை எழுதினால் அவருக்கு நாம் நியாயம் செய்கிறோமா என்று யோசிக்கவேண்டும்.

ம. எழுதியது:

இதை நான் யோசிக்கவே இல்லை. ‘திரிப்புரையா?’ என்று கேள்விக்குறியோடு எழுதுகிறேன். அவர் கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்க்கட்டும்.

இரண்டாவது சொல்லுக்கு வருவோமா? நாளை மறுநாள் வெள்ளி.

வ. எழுதியது:

இந்தப் பெயர் 1950களின் இறுதியில் நீல் வில்சன் என்ற மெய்யியலாளர் வைத்தது. அத்துறையினரான குவைனும் டேவிட்சனும் பிறகு அதைப் பரப்பினார்கள். ‘கொடை நெறி’ என்று எழுதினால் நன்கொடை ரசீது நினைவுக்கு வரும். இது இரக்கப்பட்டுக் கொடுப்பதும் இல்லை, அவருக்குச் சேரவேண்டியது.

ந. எழுதியது:

செ. ஐயாவின் ‘கோள்’ இங்கே உதவும். செய்யுளுக்குப் பொருள்கோள் உண்டே, ஆற்றுநீர் முதல் அடிமறிமாற்று வரை எட்டு. அதோடு ‘நல்’ சேர்த்து ‘நற்பொருள்கோள்’.

பா. எழுதியது:

கோள் என்றதும் கோள்மூட்டுவதும் கிரகமும் வரும் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் பொருள்கோளைப் பள்ளியிலேயே படித்துவிடுகிறார்கள். இதற்கு ஆதரவு.

செ. எழுதியது:

நெகிழ்ச்சி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், அச்சுக்கு இது தேவைப்படாது.

குண்டலகேசி என்ற பௌத்த காவியம் நம் கையில் இல்லை. புறத்திரட்டு என்ற தொகைநூலில் எஞ்சிய 19 பாடல்கள்தான் முழுதாகக் கிடைக்கின்றன. அதன் வாதத்தைப் பற்றி மிச்சம் தெரிவதெல்லாம் பெரும்பாலும் அதை மறுக்கவே எழுந்த சமண நூலான நீலகேசி வழியாக, அதற்கு வாமன முனிவர் எழுதிய சமயதிவாகர உரை வழியாக. நீலகேசியை உரையோடு 1936இல் சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். இளைஞனாக இருந்தபோது அந்தப் பதிப்பில் குண்டலகேசி வாதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு பயம் வந்தது. பௌத்தர் தரப்பு அங்கே எவ்வளவு அவருடையது, எவ்வளவு சமணர் விரும்பியது? கேட்டுச் சரிபார்க்க அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. மறுப்பவர் கையில் மட்டுமே ஒருவர் பேச்சு மிஞ்சும் நாள் வரும். இன்று நாம் வெட்டி ஒட்டுகிற பக்கங்களின் மூலமும் ஒருநாள் அழிந்துபோகும்.

ம. எழுதியது:

ஐயா, இதையும் கையேட்டில் சேர்க்கிறேன், ஒரு பெட்டிச் செய்தியாக.

முடிவு: திரிப்புரைக்கு நால்வர், கொடும்பாவி வாதத்துக்கு பா. அம்மா. நற்பொருள்கோளுக்கு எல்லோரும். அடிக்குறிப்பு இப்படி: “திரிப்புரையைக் கொடும்பாவி வாதம் என்பாரும் உளர்.” சரியா அம்மா?

பா. எழுதியது:

பிள்ளை, ‘என்பாரும் உளர்’ என்று பரிமேலழகர் பாணியில் தள்ளிவிட வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது அதில் இல்லை. இடம் இருந்தால் இப்படிப் போடுங்கள்:

“இதைக் கொடும்பாவி வாதம் எனலாம் என்பது ஒரு கருத்து. பழைய சட்டை மாட்டிய உருவைக் கொளுத்துவதால் ஆளுக்கு ஒன்றும் ஆவதில்லை என்பது அதற்குக் காரணம். ‘பாவி’ என்ற சொல் தாக்கப்பட்டவரையே பழிக்கிறது என்பது மறுப்பு.”

மறுப்பு செ. ஐயாவுடையது. அவரிடமும் ஒருமுறை காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.