'அடுத்து' பொத்தானை நிறுத்தி வைப்பதற்கு 'மடை' என்னும் சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மின்வழிப் பாடங்களில், படவில்லைக்குள் (ஸ்லைடுக்குள்) பொதித்து வைத்த ஊடாடு பயிற்சியைக் கற்பவர் செய்து முடிக்கும் வரை அடுத்த படவில்லைக்குப் போகவிடாமல் நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டுக்கு, மார்த்தாண்டத்திலிருந்து எழுதிய ஐயா 'பூட்டிய வழிசெலுத்தல்' என்னும் சொல்லை முன்வைத்திருந்தார். 'வழிசெலுத்தல்' (நேவிகேஷன்) வேரூன்றிவிட்ட சொல். என் தயக்கமெல்லாம் 'பூட்டிய' என்பதில்தான். பூட்டு என்றதும் திறவுகோல் வேறொருவர் கையில் இருப்பதாகவே தோன்றும்; இங்கோ கற்பவரின் செயலே வழியைத் திறக்கிறது. அன்றியும், ஸ்டோரிலைன் போன்ற, பாடம் செய்யும் மென்பொருளில் பாடத்தின் பட்டியலை (மெனுவை) கட்டற்றது, வரையறுத்தது, பூட்டியது என்று மூன்று நிலைகளில் வைக்கலாம். 'பூட்டு' அந்த மூன்றாம் நிலைக்கே தேவைப்படுவதால், அதே சொல்லை இங்கும் இட்டால் பாடம் செய்பவர்கள் குழம்புவார்கள்.

இந்தக் குழப்பம் எங்கள் வேலையிலேயே நேர்ந்தது. குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் புதிதாகப் பால்வெட்டுப் பழகுவோருக்காக ஒரு பாடம் செய்தோம். அதில் ஒரு படவில்லையில் மரத்தண்டின் படம் இருக்கும். வெட்டுக்கோடு இடப்புறம் மேலே தொடங்கி வலப்புறம் கீழே சரிய வேண்டும். ஒட்டுமரமானால் 30 பாகை, விதைக்கன்றிலிருந்து வளர்ந்த மரமானால் 25 பாகைச் சரிவு. கற்பவர் அந்தக் கோட்டை விரலால் இழுத்துச் சாய்த்துக் காட்ட வேண்டும். மூன்று படிகள் கொண்ட அந்தப் பயிற்சிக்குத் தனக்கென்று ஓர் அம்புக்குறி உண்டு. வெளியே பாடத்தின் 'அடுத்து' பொத்தானும் உண்டு. கைபேசித் திரையில் இரண்டும் ஒரே மூலையில் வந்து நின்றதால், பலரும் முதல் படி முடிந்ததுமே வெளிப்பொத்தானை அழுத்திவிட்டார்கள். கோடு படுக்கையாகக் கிடக்க, அவர்கள் அடுத்த படவில்லையில் இருந்தார்கள். வெளிப்பொத்தானை மறைத்துப் பார்த்தோம். பாடமே அத்துடன் முடிந்துவிட்டதென்று எண்ணி மூடிவிட்டார்கள். பொத்தானைக் கண்ணுக்குத் தெரியும்படி மங்கலாக வைத்து, பயிற்சி முடிந்ததும் தெளிவாக்கிய பிறகே சரியாயிற்று.

இதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் வாழைத்தோட்டம் நினைவுக்கு வந்தது. அனந்தனார் சானல் என்னும் பாசனக் கால்வாயின் தண்ணீரைப் பாத்திக்குப் பாய்ச்சும்போது, ஒரு பாத்தி நிரம்பும் வரை அடுத்ததன் மடையை மண்வைத்து அடைத்திருப்போம். நிரம்பியதைக் கண்ணால் கண்டபின் மம்பட்டியால் அந்த மண்ணை இழுத்துவிட்டால் தண்ணீர் தானே அடுத்த பாத்திக்கு ஓடும். இத்தனை நிமிடம் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. நிரம்பியதா என்பதே கேள்வி. நாம் பெயரிட முயலும் ஏற்பாடும் இதுவே. ஆகவே 'மடைவழிச் செலுத்தல்' என்பதை ஏற்பாட்டின் பெயராகவும், 'மடை' என்பதை அதன் சுருக்கமாகவும் முன்மொழிகிறேன். ஒரு நிமிடம் கழிந்ததும் தானே திறக்கும் பொத்தானை மடை என்று சொல்லக் கூடாது. அது வெறும் 'நேரத்தடை'. இந்த வேறுபாட்டைச் சொல்லே காட்டிக்கொடுப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

'மடை திறந்தாற்போல்' என்றால் கட்டுக்கடங்காத வெள்ளம் என்றல்லவா பொருள், கட்டுப்பாட்டுக்கு அது பொருந்துமா என்று சிலர் கேட்கக்கூடும். அந்த உவமையில் பெருகுவது தண்ணீர். மடை அதை அடக்கியிருந்த இடம். 'மடைமாற்றம்' என்று நாளிதழ்களிலும் எழுதுகிறோமே, அதிலும் போக்கை ஆள்வது என்னும் பொருள்தான் நிற்கிறது.

இனி, மடை எப்படித் திறக்கிறது என்பதற்கும் சொற்கள் வேண்டும். பொதித்த பயிற்சி வேறொரு தளத்திலிருந்து ஐஃப்ரேம் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டகம்) வழியாக வருமானால், உலாவியின் பாதுகாப்பு விதிப்படி வெளிப்பாடத்தால் அதனுள் எட்டிப்பார்க்க முடியாது. எனவே பயிற்சிதான் முடிந்தவுடன் போஸ்ட்மெசேஜ் என்னும் உலாவி வசதியின் மூலம் வெளியே ஒரு செய்தி அனுப்ப வேண்டும். வெளிப்பாடம் அது எந்தத் தளத்திலிருந்து வந்ததென்று சரிபார்த்து, பயிற்சி முடிந்ததா என்று குறித்துவைக்கும் தன் மாறியை 'உண்மை' என்று மாற்றிப் பொத்தானைத் தெளிவாக்கும். அந்தச் செய்தியை 'நிறைவுச் செய்தி' என்றும், அதைக் கேட்டுப் பொத்தானைத் தெளிவாக்குவதை 'மடைதிறப்பு' என்றும் சொல்லலாம். கற்பவர் முந்தைய படவில்லைக்குப் போய்த் திரும்பும்போது, படவில்லை தொடக்கநிலைக்கு மீளும்படி அமைந்திருந்தால், திறந்த மடை மறுபடி அடைபட்டுவிடும். முடித்தவரையே மீண்டும் முடிக்கச் சொல்லும் இந்தப் பிழைக்கு 'மறுஅடைப்பு' என்று பெயர் வைத்தால், சோதனை செய்பவர்கள் ஒரே சொல்லில் குறித்துக்கொள்வார்கள்.

பயிற்சிக்குள் படிக்குப்படி போவதை 'உள்நகர்வு' என்றும், படவில்லை விட்டுப் படவில்லை போவதை 'வெளிநகர்வு' என்றும் பிரிக்கலாம். முதலில் 'புறநகர்வு' என்றுதான் எழுதினேன். படிப்பவர் கண்ணுக்கு அது 'புறநகர்' என்றே தெரிவதால் விட்டுவிட்டேன்.

இவையெல்லாம் பாடம் செய்பவர்களுக்கான சொற்கள். கற்பவர் திரையில் 'மடை' என்று எழுத வேண்டியதில்லை. மங்கலான பொத்தானின் அருகே 'கோட்டைச் சாய்த்து முடித்ததும் அடுத்த பக்கம் திறக்கும்' என்று நாங்கள் எழுதியிருக்கிறோம். மார்த்தாண்டத்து ஐயா 'பூட்டிய' என்பதைப் பட்டியலின் நிலைக்கு மட்டும் வைத்துக்கொள்ள இசைவாரா என்பதை அறிய விரும்புகிறேன்.