‘வலை உடைப்பான்’ போரேட்டுக் கண்ணாடிக்குப் பொருந்தாது

நண்பர்களே, வணக்கம்.

கண்ணாடியின் அணுப் பின்னலில் கலந்து அதன் அமைப்பை மாற்றும் லித்தியம் ஆக்சைடு போன்ற பொருளை ஆங்கிலத்தில் நெட்வொர்க் மாடிஃபையர் என்கிறோம். அதற்குத் தமிழில் ‘வலை உடைப்பான்’ என்றே வைத்துவிடலாம் என்று இந்த இழை ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு உடன்பாடில்லை. கேட்டவுடனே புரிகிற சொல்தான், ஆனால் சிலிக்காவை மட்டும் மனத்தில் வைத்து ஆக்கியது.

சிலிக்காவில் லித்தியம் ஆக்சைடைக் கலந்தால் சிலிக்கன்–ஆக்சிஜன்–சிலிக்கன் பாலம் அறுந்து, இரு பக்கமும் ஒற்றைக் கையால் மட்டும் பிடித்துக்கொண்ட ஆக்சிஜன்கள் மிஞ்சும், கண்ணாடியும் சீக்கிரம் இளகும். அங்கே உடைப்பான் என்பது சரி. போரான் ஆக்சைடை அடிப்படையாகக் கொண்ட போரேட்டுக் கண்ணாடியில் நடப்பதே வேறு. வெறும் போரான் ஆக்சைடுக் கண்ணாடியில் ஒவ்வொரு போரானும் மூன்று ஆக்சிஜனோடு தட்டையான முக்கோணமாக இருக்கிறது, அவற்றில் பெரும்பகுதி மும்மூன்றாகக் கூடி போராக்சால் வளையங்களாக இருக்கின்றன. இதில் லித்தியம் ஆக்சைடு சேரும்போது வந்து சேர்ந்த ஆக்சிஜன் எதையும் அறுப்பதில்லை. இரண்டு முக்கோணப் போரான்களை நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகிகளாக மாற்றிவிடுகிறது, எல்லா ஆக்சிஜனும் பாலமாகவே தொடர்கிறது. தட்டையாக இருந்த பின்னல் முப்பரிமாணத்தில் இறுகுகிறது. கண்ணாடி இளகத் தொடங்கும் வெப்பநிலை ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸிலிருந்து, லித்தியம் ஆக்சைடு முப்பது விழுக்காட்டை நெருங்கும்போது 500 டிகிரிப் பக்கம் போய்விடுகிறது. ‘உடைப்பான்’ சேர்த்த பிறகு கண்ணாடி இப்படி இறுகினால் படிக்கிற பிள்ளை என்னதான் நினைக்கும்?

இது புதுச் செய்தியும் இல்லை, 1963இலேயே பிரே, ஓகீஃப் என்ற ஆய்வாளர்கள் போரான்-11 என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கொண்டு நான்முகிகளின் பங்கை அளந்துவிட்டார்கள். அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போய், பாதியைத் தொடுவதற்கு முன்பே நின்று, பிறகு இறங்குகிறது. அந்தக் கட்டத்தில்தான் பாலங்கள் உண்மையில் அறுகின்றன. ஒரே பொருள் முதலில் கட்டுகிறது, அப்புறம் உடைக்கிறது, பெயர் இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டாமா?

அயனிக் கடத்தலுக்கு, அதாவது லித்தியம் அயனிகள் கண்ணாடிக்குள் நகர்ந்து மின்சாரத்தைக் கடத்துவதற்கு, வந்தால் குழப்பம் இன்னும் பெரிது. வலை உடைந்த இடுக்கு வழியாகத்தான் லித்தியம் ஓடுகிறது என்ற படத்தை அந்தச் சொல் தானாகவே வரைந்துவிடும். உண்மையில் பின்னல் இறுகிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டத்திலேயே கடத்துதிறன் ஏறத் தொடங்கிவிடுகிறது, தாண்ட வேண்டிய ஆற்றல் தடையும் குறைகிறது. நான்முகியின் எதிர்மின்னேற்றம் நான்கு ஆக்சிஜன்களிலும் பரவி நிற்பதால் அதன் அருகே லித்தியத்துக்கு இருக்க இடம் கிடைக்கிறது, லித்தியம் கூடக்கூட அப்படிப்பட்ட இடங்கள் ஒன்றுக்கொன்று பக்கமாக வருகின்றன, அயனி ஓரிடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. அறுந்த பாலம் இதற்குக் கட்டாயமே இல்லை.

ஆகவே என் முன்மொழிவு: சிலிக்கா, போரான் ஆக்சைடு போலப் பின்னலையே கட்டும் பொருளான நெட்வொர்க் ஃபார்மர் ‘பின்னலாக்கி’, மாடிஃபையர் ‘பின்னல்மாற்றி’. ‘மாற்றி’ என்றதும் மின்மாற்றி நினைவுக்கு வரும் என்று யாராவது சொல்வீர்கள், தெரியும், ஆனால் ‘பின்னல்’ முன்னால் நிற்கும்போது யாரும் டிரான்ஸ்ஃபார்மரைத் தேடப்போவதில்லை. ‘வலை’யை விட்டதற்குக் காரணம், இணையமும் கணினியும் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன.

பாலம் அறுந்தபின் ஒரு பக்கம் மட்டும் பிணைந்திருக்கும் ஆக்சிஜனுக்கு, அதாவது நான்-பிரிட்ஜிங் ஆக்சிஜனுக்கு, இந்த இழையில் வந்த ‘தொங்கு ஆக்சிஜன்’ அழகுதான், எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் சிலிக்கனில் இணை சேராத எலக்ட்ரானோடு நிற்கும் பிணைப்பைத் தொங்கு பிணைப்பு என்கிறோம். இங்கே அப்படி இல்லை, ஆக்சிஜன் முழு எதிர்மின்னேற்றம் பெற்று, பக்கத்தில் லித்தியத்தை ஈடாக வைத்துக்கொண்டு அமைதியாக இருக்கிறது. ‘பாலமிலா’ என்றால் பாலம் வேறு, ஆக்சிஜன் வேறு என்றாகிவிடும். பாலமாவதே ஆக்சிஜன்தான் என்பதால் ‘பாலமாகா ஆக்சிஜன்’ என்பேன். அதற்கு எதிர்ச்சொல் ‘பால ஆக்சிஜன்’. சொல்லும்போது கொஞ்சம் கரடுமுரடுதான், பழகிவிடும்.

அயனி இடத்துக்கு இடம் தாவுவதைக் குறிக்கும் ஹாப்பிங் என்பதற்கு ‘தாவல்’ சரி. அதை ‘குதிப்பு’ என்று மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை, எலக்ட்ரான் ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதையும் தாவல் என்று எழுதுகிறோமே என்பதுதான் ஒரே சிக்கல். ‘அயனித் தாவல்’ என்று முன்னொட்டோடு எழுதினால் போதுமா, இல்லை தனிச்சொல் வேண்டுமா என்று திண்ம நிலை வேதியியல்காரர்கள் சொல்லுங்கள்.