மருத்துவரிடம் உவமை பேசலாமா?

அரைத்தூக்கம்:
மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவருகிறேன். தலையில் ஈரச் சாக்கைக் கவிழ்த்தது போல் இருக்கிறது என்று மருத்துவரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு ‘மனநிலைத் தாழ்வு’ என்று குறித்துக்கொண்டார். பிறகு அவரே ஓர் உவமை சொன்னார்: மூளையில் ரசாயனச் சமநிலை குலைந்திருக்கிறது, சர்க்கரை நோயாளிக்கு இன்சுலின் எப்படியோ உங்களுக்கு இந்த மாத்திரை அப்படி. அவர் சொன்னால் விளக்கம், நான் சொன்னால் புலம்பலா? இத்தனைக்கும் நான் எதையும் அலங்கரித்துச் சொல்லவில்லை. எதிரில் இருப்பவர் பேசுவது எங்கோ கேட்கிறது, மூச்சு முட்டுகிறது, சாக்கை விலக்கக் கை எழவில்லை. இனி ‘பசியில்லை, தூக்கமில்லை’ என்று மட்டும் சொல்லிப் பழக வேண்டுமா?

மழைக்கால்:
இரண்டையும் சொல்லுங்கள். அந்த இன்சுலின் உவமை கொஞ்சம் நொண்டும். சர்க்கரையை ரத்தத்தில் அளக்கலாம். மனச்சோர்வுக்கு அப்படி ஓர் அளவு இல்லை. செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லையென்று 2022-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று சொன்னது. அதற்காக மாத்திரையைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடாதீர்கள். பலன் தருகிறதா என்பது வேறு கேள்வி. எனக்கு எரிச்சல் தருவது ‘போராடுங்கள், ஜெயிப்பீர்கள்’ என்ற போர் உவமைதான். எழுந்திருக்க முடியாத நாளெல்லாம் தோல்விக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது.

செவிகொடு:
நான் உளவள ஆலோசகர். நோயாளியின் உவமையை மாற்றாமல், அவர் சொல்லை வைத்தே கேள்வி கேட்கும் முறை ஒன்றை உளவியல் சிகிச்சையாளர் டேவிட் குரோவ் 1980-களில் உருவாக்கினார். அப்படியே கேட்கிறேன்: அந்தச் சாக்கு எந்நேரமும் ஒரே கனமா?

அரைத்தூக்கம்:
இல்லை. விடிகாலையில் சொட்டச் சொட்ட இருக்கும். சாயங்காலம் பாதி உலர்ந்துவிடும். இதை யாரும் கேட்டதில்லை.

செவிகொடு:
இதை மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். காலையில் மோசமாகி மாலையில் தணிவது, எந்த வகை மனச்சோர்வு என்று கணிக்க உதவும் குறிப்பு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மட்டும் உவமையை ஒதுக்கிவிட்டு உடனே, நேராகச் சொல்லிவிடுங்கள்.

தம்பிக்காக:
ஒன்றைச் சேர்க்கிறேன். ‘என் எண்ணங்களை யாரோ உருவிக்கொள்கிறார்கள்’ என்றான் என் தம்பி. கவிதை மாதிரி பேசுகிறானே என்றார் ஓர் உறவினர். மருத்துவர்தான் “உருவுவது போல இருக்கிறதா, நிஜமாகவே உருவுகிறார்களா?” என்று கேட்டார். “நிஜமாகத்தான்” என்றான். அது உவமையல்ல, நோயின் அறிகுறி. சிகிச்சையின் திசையே அங்கே மாறியது.