நாற்பது ஆட்டுத்தோல்: ஆய்வா, அளப்பா?

கணக்கப்பிள்ளை
இந்தக் கருத்துக்களத்தின் பக்கத்து இழையில் ஆணிக்குத்தி ஒரு "மாதிரி பட்ஜெட்" போட்டிருக்கிறார். தனிக் கலைஞர்கள் ஆய்வு நல்கைக்கு (ஆய்வுக்குத் தரும் நிதியுதவி) விண்ணப்பிக்கும்போது அப்படியே எடுத்துக்கொள்ளலாமாம். திட்டம்: தோல்பாவைக் கூத்தை எல்.இ.டி. விளக்கில் ஆட எந்தப் பதத்துத் தோல் ஒத்துவரும் என்று ஓராண்டு சோதிப்பது. பார்க்காதவர்களுக்காக இங்கே:

கலைஞர் ஊதியம், 12 மாதம் × 10,000 = 1,20,000
ஆட்டுத்தோல், 40 × 250 = 10,000
தோல் சுரண்ட ஆள், 24 நாள் × 800 = 19,200
விளக்கு மூன்று வகை = 18,000
சாயம், உளி = 6,800
பயணம் = 14,000
படப்பதிவு = 30,000
எதிர்பாராச் செலவு 5 விழுக்காடு = 10,900
மொத்தம் = 2,28,900

முடிவில் காட்டப்போவது 6 பாவை. அதற்கு 40 தோலா? தேர்வுக்குழுவில் தோலைத் தொட்டுப் பார்த்த ஒருவர் இருந்தால் போதும், இந்த வரியிலேயே கோப்பை மூடிவிடுவார். புதிதாக விண்ணப்பிக்கிறவர்களைத் தயவுசெய்து கெடுக்காதீர்கள்.

ஆணிக்குத்தி
வந்துட்டாரு தணிக்கை. 6 பாவை காட்டுறதுக்கு 6 தோல்னா அதுக்குப் பேரு தயாரிப்பு, ஆய்வு இல்ல. கணக்கு கேக்குறீங்கல்ல, இந்தாங்க. தோல் கனம் மூணு வகை. சுண்ணாம்புத் தண்ணில ஊறல் 2 நாள், 3 நாள்னு ரெண்டு வகை. சாயம் ரெண்டு வகை. மூணு பெருக்கல் ரெண்டு பெருக்கல் ரெண்டு, பன்னிரண்டு. ஒவ்வொண்ணையும் மூணு தடவ செஞ்சு பாக்கணும், முப்பத்தாறு. வெட்டுக்காயம், அழுகல்னு கெட்டுப்போறதுக்கு நாலு. நாற்பது. வேற?

கணக்கப்பிள்ளை
"ஒவ்வொன்றையும் மூன்று தடவை" சரி. ஆனால் சாயத்துக்குத் தனித்தனித் தோல் எதற்கு? முதுகெலும்பு வாட்டத்தில் தோலை இரண்டாகப் பிளந்தால் இடப்பாதியும் வலப்பாதியும் ஒரே ஆடு, ஒரே வயது, ஒரே தீனி. இடப்பக்கம் ஒரு சாயம், வலப்பக்கம் இன்னொன்று. தோல் ஆய்வுக்கூடங்களில் காலங்காலமாகச் செய்வது இதுதான். அப்போது கனம் 3, ஊறல் 2, ஆக 6, மூன்று தடவை 18, கெடுவதற்கு 2. இருபது தோல். சுரண்டும் ஆள் நாளுக்கு இரண்டு தோல் முடிப்பார் என்றால் 10 நாள் கூலியும் மிச்சம், 8,000 ரூபாய். பாதியாகிவிட்டதா இல்லையா?

ஆணிக்குத்தி
பாதித்தோல்ல பாவை எங்க வெட்டுறது? நல்ல வெள்ளாட்டுத் தோல் விரிச்சா 4லேருந்து 6 சதுர அடி. பிளந்தா நீளம் இருக்கும், அகலம் முக்கால் அடி. அதுல கையை வீசி நிக்கிற ரெண்டடிப் பாவை வருமா? பாவை வெட்டி, துளை போட்டு, சாயம் ஏறுனப்புறந்தான் தோல் தன் குணத்தைக் காட்டும். துளை நெறஞ்ச மார்புப் பக்கம் ஒரு மாதிரி இழுக்கும், துளையே இல்லாத கால் பக்கம் வேற மாதிரி இழுத்துச் சுருளும். பட்டை பட்டையா நறுக்கிப் பாத்தா அது தெரியாது. நாற்பது.

ஒளிவட்டம்
தோல் எண்ணிக்கையில் எனக்குக் கட்சி இல்லை. ஆனால் சுருள்வது ஏன் முக்கியம் என்று யாரும் சொல்லவில்லை. பாவை திரையை ஒட்டியிருந்தால் எந்த விளக்கும் ஓடும். ஓரம் சுருண்டு திரையைவிட்டு 2 செ.மீ. எழும்பினால்தான் வினை. நிழலோரம் மங்கும் அகலம் = விளக்கின் அகலம் × எழும்பிய இடைவெளி ÷ விளக்குக்கும் பாவைக்கும் உள்ள தூரம். ஒரு மீட்டர் தள்ளி வைத்த 5 செ.மீ. விளக்குக்கு மங்கல் 1 மி.மீ. அதே இடத்தில் 60 செ.மீ. எல்.இ.டி. குழல் வைத்தால், குழல் கிடக்கும் வாட்டத்தில் மங்கல் 12 மி.மீ. பாவையில் போட்ட 3 மி.மீ. துளையெல்லாம் கரைந்து காணாமல் போகும். எனவே குழல், பட்டை வகை வேண்டாம்; ஒரே சில்லில் திரண்டு ஒளி தரும் வகை வாங்குங்கள். சி.ஆர்.ஐ. (நிறங்களை உள்ளபடி காட்டும் தர எண்) 80 போட்ட சாதாரண பல்பில் சிவப்பு செத்துவிடும். பெட்டியில் 95க்கு மேல் இருக்கிறதா, ஆர் 9 எண் (அடர் சிவப்பை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பது) தந்திருக்கிறானா என்று பார்க்க வேண்டும். 18,000க்கு மூன்று வகை என்று எழுதிவிட்டு எந்த மூன்று என்று எழுதாததுதான் இந்த பட்ஜெட்டின் ஓட்டை. தோல் அல்ல.

ஆணிக்குத்தி
பாத்தீங்களா, சுருள்றதுதான் விஷயம்னு அவரே சொல்லிட்டாரு. முழுத் தோல் வேணும். நாற்பது.

ஒளிவட்டம்
நான் அதைச் சொல்லவில்லை.

ஒற்றுப்பிழை
தோல் + பாவை = தோற்பாவை. வேற்றுமைப் புணர்ச்சியில் வல்லினம் வந்தால் லகரம் றகரமாகும். நல்கை கேட்டு விண்ணப்பம் எழுதுகிறவர்கள் தலைப்பிலாவது பிழையில்லாமல் எழுதலாம்.

ஆணிக்குத்தி
ஆடுறவங்க தோல்பாவைன்னுதான் சொல்றாங்க. பால்குடம் எடுக்குறவங்ககிட்டப் போயி பாற்குடம்னு திருத்திட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.

கணக்கப்பிள்ளை
பேச்சை மாற்ற வேண்டாம். சுருள்வதைப் பார்க்கப் பாவை எதற்கு? இரண்டடி நீளப் பட்டையில் ஒரே துளைக்கோலத்தை அடித்து, ஒரு முனையைப் பலகையில் பொருத்தி, மறுமுனை எத்தனை மி.மீ. எழும்புகிறது என்று அடிக்கோல் வைத்து அளந்தால் தீர்ந்தது. காலை, மதியம், மழைநாள் என மூன்று வேளை குறித்துக்கொள்ளலாம். பாவைக்குப் பாவை உருவம் மாறினால் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? அனுமனையும் சீதையையும் வைத்தா சுண்ணாம்பை அளப்பீர்கள்? இருபது தோலே தாராளம்.

கடலுக்கப்பால்
இங்கே இங்கிலாந்தில் ஆர்ட்ஸ் கவுன்சிலின் "டெவலப்பிங் யுவர் கிரியேட்டிவ் பிராக்டிஸ்" என்ற நல்கை 2018 முதல் இருக்கிறது. 2,000 முதல் 12,000 பவுண்டு வரை. கலைஞர் தன்னை வளர்த்துக்கொள்ள எடுக்கும் நேரத்துக்கான பணம் அது, கையில் பொருள் வந்தாக வேண்டும் என்பதில்லை. அயர்லாந்தில் இன்னும் ஒரு படி மேல். 2022இல் தொடங்கிய திட்டத்தில் 2,000 பேருக்கு வாரம் 325 யூரோ கொடுத்தார்கள். தகுதியுள்ளவர்களைக் குலுக்கிப் போட்டு எடுத்தார்கள். எத்தனை தோல் என்று யாரும் கேட்பதில்லை. நம்மாட்கள் இன்னும் ஆட்டுத்தோலை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை
அயர்லாந்துக்காரர் வந்தாரா, இனி இழை உருப்படும். ஐயா, குலுக்கல் எந்த நாட்டிலோ நடக்கட்டும். இங்கே தனியார் அறக்கட்டளைக்கு வரி வரியாக பட்ஜெட் எழுதித்தான் ஆக வேண்டும்.

மேலவீதி
எல்லாவற்றுக்கும் அல்ல. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெலோஷிப் மாதம் 10,000, சீனியர் மாதம் 20,000, இரண்டு ஆண்டு. ஜூனியருக்கு வயது 25 முதல் 40. அதற்கு மேல் சீனியர். பணம் ஆறு மாதத்துக்கு ஒரு தவணை. முதல் தவணைக்குப் பிறகு ஒவ்வொன்றும் அரையாண்டு அறிக்கை போனால்தான் அசையும். அதில் மூலப்பொருள் என்று தனி வரியே கிடையாது. 40 வாங்கினாலும் 4 வாங்கினாலும் உங்கள் பாடு. மறுபக்கம், 1993இல் பெங்களூரில் தொடங்கி 1995 முதல் நல்கை தரும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் போன்ற இடத்தில் எதற்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். அங்கே தமிழிலேயே விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எந்த நல்கை என்று சொல்லாமல் மாதிரி பட்ஜெட் போட்டதும் தப்பு, அதைக் குத்திக் கிழிப்பதும் தப்பு. முதலில் ஆய்வு என்றால் என்ன, பரிசோதனை என்றால் என்ன என்று பிரித்துக்கொண்டு பேசலாமே?

ஆணிக்குத்தி
பிரிச்சாச்சு. பரிசோதனைக்கு நாற்பது.

கணக்கப்பிள்ளை
பரிசோதனைக்கு இருபது.

சாணைக்கல்
இரண்டு பேரும் கூடுதலாகத்தான் கேட்கிறீர்கள். கனத்துக்கும் தனித்தனித் தோல் வேண்டாம். முதலில் கனமாக விட்டு ஒளியை அளங்கள். பிறகு அதே தோலை நனைத்து, சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, இன்னும் சுரண்டி அளங்கள். மறுபடியும் ஒரு முறை. ஒரே தோலில் மூன்று கனமும் கிடைத்துவிடும். ஊறல் 2 வகை, மூன்று தடவை, 6 தோல். கெட்டுப்போக 2. எட்டு!

ஆணிக்குத்தி
எட்டா! இன்னும் கொஞ்சம் பேசினா ஆடே வேண்டாம்பீங்க போல. நனைச்சு ரெண்டாந்தடவ இழுத்தா அது பழைய தோல் இல்ல. மொத இழுப்புல நார் ஒரு பக்கமா படியும், ரெண்டாவது இழுப்புல இன்னும் படியும். அப்புறம் கனம் கொறைஞ்சதால சுருள் மாறுச்சா, நார் படிஞ்சதால மாறுச்சான்னு எப்படிச் சொல்லுவீங்க? தோல் வேலைல எது எதனால கெடும்னு தெரிஞ்சவங்க இப்படிக் கேக்க மாட்டாங்க. சதைப்பக்கம் கொழுப்பு மிஞ்சினா விளக்குக்கு முன்னால மஞ்சத் திட்டா நிக்கும், சாயமும் அந்த எடத்துல ஏறாது. சுண்ணாம்புல ரெண்டு நாள் கூடினா நார் ஊதி இளகிடும், உளி போட்ட துளையோரம் கிழியும். ஊறினதை நல்லா அலசலேன்னா உள்ள மிஞ்சின சுண்ணாம்பு சாயத்தோட நெறத்தையே மாத்திடும். வெயில்ல காயப்போட்டா வெறைச்சு வெடிக்கும். நெழல்ல, காத்தாட, ஆணியைப் பிடுங்காம காயணும். கழுத்து, முதுகு கனம். வயிறு மெலிசு, தளர்வு. இத்தனைக்கும் நடுவுல ஒரு முடிவு சொல்லணும்னா மூணு தடவ செஞ்சே ஆகணும். முப்பத்தாறு. கூட நாலு.

கணக்கப்பிள்ளை
இதே ஆணிக்குத்திதான் போன மாதம் உளி இழையில் "ஒரே தோலில் நான்கு உளி பார்த்தால் போதும்" என்று அடித்துப் பேசினார். உளிக்கு ஒரு தோல் போதும், சுண்ணாம்புக்கு முப்பத்தாறா? அந்தப் பதிவு இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஆணிக்குத்தி
அது உளி. இது தோல். அன்னைக்கும் கடைசில ஓடிப்போனது யாருன்னு அந்த இழையிலயே இருக்கு.

மேலவீதி
வாங்குவதில் உள்ள சிக்கலையும் கொஞ்சம் பாருங்கள். கறிக்கடையில் ரசீது தரமாட்டார்கள். வெள்ளைத்தாளில் தேதி, எத்தனை தோல், என்ன விலை, விற்றவர் பெயர், கையெழுத்து என்று செலவுச்சீட்டு நாமே எழுத வேண்டும். 5,000க்கு மேல் ரொக்கம் வாங்கிக்கொண்டு தரும் ரசீதில் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டி அதன் மேல் கையெழுத்து. 40 தோலை ஒரே நாளில் வாங்கினால் 10,000, முத்திரை தேவை. அதற்குச் சோம்பிக்கொண்டு 5,000, 5,000 என்று இரண்டாக உடைத்து எழுதாதீர்கள். பட்டயக் கணக்காளர் கண்ணில் முதலில் படுவது அதுதான். பயன்பாட்டுச் சான்றில் (நல்கைப் பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்ற சான்று) கையெழுத்துப் போட மாட்டார். தோலில் மிச்சமான பணத்தை விளக்குக்குத் திருப்புவதென்றால், செலவழிப்பதற்கு முன்பே நல்கை தந்தவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். செலவழித்துவிட்டு விளக்கக் கடிதம் எழுதுவது வேலைக்கு ஆகாது.

சாணைக்கல்
இன்னொன்று. 40 தோலையும் ஒரே நாளில் வாங்கினால் ஒரே நாளில் சுரண்ட முடியாது. பச்சைத்தோல் நம்ம ஊர் வெக்கையில் சில மணி நேரத்திலேயே நாறத் தொடங்கும். உப்பு போட்டே ஆக வேண்டும். தோல் எடையில் ஏறக்குறைய பாதிக்கு உப்பு. ஒரு தோல் ஒன்றரை முதல் இரண்டு கிலோ என்றால் நாற்பதுக்கு 30 கிலோவுக்குக் குறையாமல் கல்லுப்பு. பட்ஜெட்டில் உப்பு எங்கே?

கணக்கப்பிள்ளை
உப்பு எங்கே?

ஆணிக்குத்தி
30 கிலோ கல்லுப்பு என்ன விலை? அது ஒரு செலவா?

கணக்கப்பிள்ளை
விலை அல்ல கேள்வி. அந்த உப்பை அலசி எடுக்காவிட்டால் மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துத் தோல் சுருளும். நீங்கள் அளக்கப்போவதே சுருள்வதை. சுருளவைக்கும் காரணத்தை பட்ஜெட்டிலும் எழுதவில்லை, சோதனை அட்டவணையிலும் எழுதவில்லை. உப்பு போட்டது, போடாதது என்று பிரித்தால் உங்கள் கணக்குப்படி 72 தோல் ஆகிறதே?

ஆணிக்குத்தி
எல்லாத் தோலுக்கும் ஒரே மாதிரி உப்பு, ஒரே மாதிரி மூணு தண்ணி அலசல். அப்ப அது மாறாது. நாற்பதுதான்.

கடலுக்கப்பால்
பாலக்காட்டுப் பக்கம் கூத்துமாடத்தில் (பாவைக்கூத்து மேடை) 42 அடித் திரைக்குப் பின்னால் 21 தேங்காய்மூடி விளக்கு வரிசையாக எரிகிறது. ஒளிவட்டம் போட்ட சூத்திரப்படி அங்கே ஒன்றுமே தெரியக்கூடாதே? அதுவும் அவர்கள் மான்தோலில் செய்தவர்கள்.

ஒளிவட்டம்
அங்கே பாவையைத் திரையிலேயே முள்ளால் குத்தி நிறுத்துகிறார்கள். இடைவெளி சுழியம், மங்கலும் சுழியம். சூத்திரம் சரியாகத்தான் வேலை செய்கிறது. மான்தோலுக்கு 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதையும் பட்ஜெட்டில் எழுதச் சொல்லிவிடாதீர்கள்.

சாணைக்கல்
ஒன்று கவனித்தீர்களா? 30,000 ரூபாய் படப்பதிவு, எத்தனை நாள், யார் எடுப்பது, ஒன்றுமே எழுதவில்லை. அதை யாரும் தொடவில்லை. 10,000 ரூபாய்த் தோலுக்கு இத்தனை பதிவு.

கணக்கப்பிள்ளை
படப்பதிவுக்குத் தனி இழை திறக்கலாம். இங்கே கேள்வி தோல். இருபது.

ஒற்றுப்பிழை
பாற்குடம் என்றே சொல்லலாம். நான் சொல்கிறேன்.

ஆணிக்குத்தி
கெட்டுப்போக நாலுன்னு எழுதினது கம்மிதான். கறிக்கடைல உரிக்கும்போது கத்தி விழாத தோல் கிடைக்கிறது அபூர்வம். ஓட்டை விழுந்த எடம் மார்புல வந்தா அந்தப் பாவையே போச்சு. திருத்தின பட்ஜெட்டை ராத்திரி போடுறேன். நாற்பத்திரண்டு.