ஒப்புகையா, உங்கொட்டா? படவீழ்த்திக்குள் ஒன்பதாவது துடிப்பு

அன்புள்ள குழுவினருக்கு,

மின்னணுச் சில்லுகள் ஒன்றோடொன்று பேசும் முறைக்கு, பாடநூலுக்காக நாம் தமிழ்ச் சொற்கள் தேடுகிறோம். ஒரு சில்லு பதில் தருவதற்கும் தராததற்குமான சொற்கள் பற்றிக் குழுவில் வந்த கேள்வி இது:

> அக்னாலெட்ஜ் – ஏற்பு, நாட் அக்னாலெட்ஜ் – மறுப்பு. இப்படியே வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, பாட்டை (பஸ்), முகவரி (அட்ரஸ்), உணரி (சென்சார்) மூன்றுக்கும் எனக்கு முழுச் சம்மதம். இந்த இரண்டில்தான் மனம் ஒப்பவில்லை.

போன வாரம் ஒரு படவீழ்த்தி, அதாவது புரொஜெக்டர், பழுதுக்கு வந்தது. மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரியவில்லை. மூடியைக் கழற்றி, சில்லுகள் பேசிக்கொள்ளும் ஐ-ஸ்கொயர்-சி பாட்டையின் இரண்டு கம்பிகளிலும், துடிப்புகளைத் திரையில் காட்டும் லாஜிக் அனலைசரை மாட்டினேன். பேச்சைத் தொடங்கும் சில்லான கட்டுப்படுத்தி வெப்ப உணரியைக் கூப்பிடுகிறது: ஏழு பிட்டில் முகவரி, எட்டாவது பிட்டில் படிக்கவா எழுதவா. ஒன்பதாவது துடிப்பில் தரவுக் கம்பியைக் கைவிட்டுக் காத்திருக்கிறது. அழைப்பு காதில் விழுந்த சில்லு அதைக் கீழே இழுக்க வேண்டும். யாரும் இழுக்கவில்லை. உணரியின் ஒரு காலில் பற்றாசு விட்டிருந்தது. மறுபடி பற்றவைத்ததும் ஒன்பதாவது துடிப்பில் கோடு இறங்கியது, விளக்கும் எரிந்தது.

இதில் மறுப்பு எங்கே? மறுக்க ஆளே இல்லை. அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகச் சில்லான ஈஈப்ரோமும் எழுதிக்கொண்டிருக்கும் 5 மில்லிநொடி வரை இப்படித்தான் பேசாமல் இருக்கும். அப்புறம் கூப்பிட்டால் பதில் தரும். எச்டிஎம்ஐ கம்பி வழியாக மடிக்கணினி புரொஜெக்டரின் 128 பைட் அடிப்படை விவரத்தைப் படிப்பதும் இதே முறையில்தான். ஒரே மூச்சில் படித்தால், மடிக்கணினி 127 பைட்டுக்குப் பதில் தந்துவிட்டுக் கடைசி பைட்டுக்குச் சும்மா இருக்கும். அதற்குப் பொருள் "போதும்". மௌனம் சம்மதம் என்று பழகியவர்கள் நாம். இங்கே மௌனத்துக்கு இத்தனை பொருள் இருக்கும்போது அதை மறுப்பு என்று எழுதினால் படிக்கிற பிள்ளை தப்பான இடத்தில் பழுதைத் தேடும்.

ஏற்பும் சரியில்லை. பைட் வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அந்தத் துடிப்பு ஒன்றும் சொல்வதில்லை. ஒப்புகை நல்ல சொல்தான். ஆனால் பதிவுத் தபாலுக்கு வந்துகொண்டிருந்த ஒப்புகை அட்டை, வாக்கு இயந்திரத்தின் ஒப்புகைச் சீட்டு எல்லாம் காரியம் முடிந்தபின் வரும் சான்று. விளக்கை ஏற்றச் சொன்னதும் விளக்கின் நிலையைச் சொல்லி முழுச் செய்தியாகத் திரும்பி வருகிறதே, அதற்கு ஒப்புகையை வைத்துக்கொள்வோம்.

பைட்டுக்குப் பைட் வருவது வேறு. பாட்டி கதை சொல்லும்போது உம் கொட்டுவோமே, அதுதான் இது. உம் வரவில்லை என்றால் பாட்டி கதையை நிறுத்திவிட்டு, "தூங்கிட்டியா?" என்பாள். கட்டுப்படுத்தியும் நிறுத்திவிட்டு மறுபடி கூப்பிட்டுப் பார்க்கிறது. பிலிப்ஸ் 1982இல் தொலைக்காட்சிப் பெட்டிச் சில்லுகளுக்காக உருவாக்கிய இந்த முறைக்கு நம் வீட்டுத் திண்ணையில் பெயர் காத்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே என் பரிந்துரை: உங்கொட்டு, உங்கொட்டாமை. உணரி உங்கொட்டியது, ஈஈப்ரோம் இன்னும் உங்கொட்டவில்லை என்று வினையாகவும் தடையின்றி ஓடும். உங்கொட்டாமை என்பது நடக்காததை மட்டும் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. நமக்கு வேண்டியது அதுதான். பாடநூலுக்குப் பேச்சுவழக்கு ஆகுமா என்று சிலர் தயங்கலாம். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

எங்கள் பக்கம் "ஊங்கொட்டு" என்று நெடிலாகவும் சொல்வார்கள். உங்கள் ஊரில், குறிப்பாக ஈழத்து நண்பர்கள் வீட்டில், எப்படிச் சொல்கிறீர்கள்? குறிலா நெடிலா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யலாம்.