ஆட்டுப் புழுக்கையும் உலர்ந்த திராட்சையும்

குழு: நம்ம வீட்டு ஆளுங்க

நான் (10:42)
யாராவது இருக்கீங்களா? பாப்பா ஆட்டுப் புழுக்கையைத் தின்றுவிட்டான். காலையில் கேசரியில் போட்ட திராட்சையைத்தான் மென்றுகொண்டிருக்கிறான் என்று சும்மா இருந்துவிட்டேன். வாயைத் திறந்தால் நாக்கெல்லாம் பச்சை, பல்லிடுக்கில் வைக்கோல் மாதிரி நார். கையில் இன்னும் இரண்டு உருண்டை. எத்தனை உள்ளே போச்சோ தெரியவில்லை.

மாமா, குடியாத்தம்
பக்கத்து வீட்டு ஆடா? சின்ன வயதில் உன் அம்மா தின்னாததா!

அம்மா
அண்ணா, நேரம் காலம் தெரியாமல் பேசாதீங்க.

அத்தை
ஆயா சொல்லுது: உப்பு கரைத்துக் கொடு, வாந்தியில் வந்துவிடும். அப்புறம் வசம்பு சுட்டு நாக்கில் தடவச் சொல்லுது.

சித்தி, காட்பாடி
உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். ஒன்றே கால் வயதுப் பிள்ளைக்கு ரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பே வரும். வாந்தி எடுக்க வைத்தால் புரையேறும். வசம்பும் வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லுங்க. நான் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து இப்போதுதான் வந்தேன். கண்ணு, அவன் இருமுகிறானா? மூச்சு சரியா இருக்கா?

நான்
இருமல் இல்லை சித்தி. சிரிக்கிறான். எனக்குத்தான் கை நடுங்குது.

சித்தி, காட்பாடி
சரி. தொண்டைக்குள் விரலை விட்டுத் தோண்டாதே, உள்ளே தள்ளிவிடுவாய். கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் எடு. ஈரத் துணியால் ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் துடை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, நகத்துக்குள்ளேயும். அப்புறம் காய்ச்சி ஆறின தண்ணீர் கொஞ்சம் கொடு. தாய்ப்பால் குடித்தால் கொடுக்கலாம்.

சித்தி, காட்பாடி
ஒன்று கேட்கிறேன். எங்கே உட்கார்ந்து தின்றான்? அங்கே வேறு என்ன இருக்கு? எலி மருந்து, அந்துருண்டை, கற்பூரம், பட்டன் பேட்டரி எதாவது?

நான்
படிக்கட்டுக்கு அடியில். ஐயோ, போன மாசம் அவர் அங்கே எலி கேக் வைத்தார்!

வீட்டுக்காரர்
நாலு வைத்தேன். மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால். எண்ணிப் பார்.

நான் (10:58)
நாலும் இருக்கு. பல் பட்ட தடமே இல்லை. சுற்றி ஒட்டடை கூடக் கலையவில்லை.

சித்தி, காட்பாடி
அப்பாடா. ஒன்று குறைந்திருந்தாலும் எலி மருந்து அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கணும், பிள்ளை சிரித்தாலும் சரி. சில எலி மருந்து தின்றவர்கள் முதல் நாள் நன்றாகத்தான் இருப்பார்கள். எலி பேஸ்ட் என்றால் கல்லீரல் கெடுவது அப்புறம்தான் தெரியும். இன்றைக்கே அந்த நாலையும் அங்கிருந்து எடுக்கச் சொல்லு.

வீட்டுக்காரர்
சாயங்காலம் வந்ததும் எடுத்துவிடுகிறேன்.

நான்
நானே எடுத்தாச்சு.

மாமா, குடியாத்தம்
அப்போ பூச்சி மாத்திரை கொடுத்துவிடலாமே?

சித்தி, காட்பாடி
இதற்காக வேண்டாம் மாமா. ஆட்டுப் புழுக்கையில் பயப்பட வேண்டியது பூச்சியைவிடக் கிருமி. சால்மோனெல்லா என்றால் பொதுவாக மூன்று நாளுக்குள் தெரிந்துவிடும், ஈ.கோலை பத்து நாள் வரைக்கும் இழுக்கும். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் பத்து நாள் கண் வைக்கணும். பூச்சி மாத்திரை பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 அங்கன்வாடியில் கொடுப்பார்கள் இல்லையா, அப்போது கொடுத்தால் போதும். இவன் வயதுக்குப் பாதி மாத்திரை, பொடி செய்து தண்ணீரில் கலந்து.

நான்
வயிற்றுப்போக்கு வந்தால்?

சித்தி, காட்பாடி
ஓ.ஆர்.எஸ். முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாகக் கரை. டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று போட்டால் அளவு கெட்டுப்போகும். ஒவ்வொரு தடவை போனதும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடு. கூடவே துத்தநாக மாத்திரை 20 மில்லிகிராம், 14 நாள். இரண்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சும்மாவே கிடைக்கும். போக்கு நிற்கிற மாத்திரை எதையும் மெடிக்கலில் கேட்டு வாங்காதே.
மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, காய்ச்சல், ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லை, கண் உள்ளே போச்சு, எழுப்பினாலும் சொக்கிச் சொக்கி விழுகிறான், இதில் எது வந்தாலும் அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. ராத்திரி ஆட்டோ கிடைக்கவில்லை என்றால் 108.

அம்மா
ரோட்டா சொட்டு மருந்து போட்டிருக்கே, அது காப்பாற்றாதா?

சித்தி, காட்பாடி
அது ரோட்டா வைரஸுக்கு மட்டும்தான் அக்கா. மற்றபடி நல்ல மருந்து. 2011ல் அதைச் சோதித்துப் பார்த்த மூன்று ஊரில் நம்ம வேலூரும் ஒன்று.

அத்தை
ஆயா கேட்குது, வசம்பைக் கையிலாவது கட்டலாமா?

சித்தி, காட்பாடி
வாய்க்கு எட்டாத இடமாகப் பார்த்துக் கட்டச் சொல்லுங்க.

நான் (மறுநாள் 8:15)
இரவு நன்றாகத் தூங்கினான். காலையில் ஒரு தடவை போனான், வழக்கம்போலத்தான். நடுவில் ஒரு முழு திராட்சை.

மாமா, குடியாத்தம்
திராட்சைதானே? நன்றாகப் பார்த்தாயா?

நான்
குச்சியால் கிளறியே பார்த்துவிட்டேன் மாமா. இன்னொன்று: ஆட்டுக்கார அம்மா விஷயம் கேள்விப்பட்டுச் சங்கடப்பட்டு, பாப்பாவுக்கென்று ஒரு சொம்பு ஆட்டுப் பால் கொண்டுவந்திருக்காங்க. இப்போதுதான் கறந்ததாம், சூடாகவே இருக்கு.

சித்தி, காட்பாடி
அந்தச் சூடு போதாது. பொங்கக் காய்ச்சு.