மூச்சு ஊதி நுரையீரல் புற்றுநோய்ப் பரிசோதனை: குடுத்தவை, எடுத்தவை அனுபவம் எழுதுங்கோ

கிளிநொச்சியான்
சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனனான், இங்க இங்கிலாந்தில. ஸ்கானில சின்னக் கட்டி ஒண்டு தெரிஞ்சு அடுத்த ஸ்கானுக்குக் காத்திருக்கேக்க, மூச்சு ஆராய்ச்சிக்கு வருவீங்களோ எண்டு கேட்டவை. முகமூடியைப் போட்டு, சுத்தமான காத்தைக் குழாயால விட்டு, பத்து நிமிசம் மாதிரி ஆறுதலா மூச்சு விடச் சொன்னா நேர்ஸ். ஊசி இல்ல, நோ இல்ல. கழட்டின உடன சித்தப்பா கேட்டார்: "என்னவாம்?" நேர்ஸ் சொன்னா, இது ஆராய்ச்சிக்கு மட்டும், முடிவு உங்களுக்கு வராது எண்டு. மனிசன் கதிரையை விட்டு எழும்பேல்ல. "என்ர மூச்சை வாங்கிப்போட்டு எனக்கே சொல்லமாட்டினமோ?" படிவத்தில எழுதி இருந்ததுதான், கையெழுத்து வைச்சதும் அவர்தான். எண்டாலும் அந்தக் கேள்விக்கு என்னட்ட இண்டைக்கும் பதில் இல்ல.

ஆய்வகவாசி
சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. மூச்சைப் பிடிச்சு வைக்கிற குழாய்கள் இருக்கே, அதுகளை ஆய்வகத்துல ஓட்டுற பக்கம் வேலை பார்த்தவன் நான். உள்ளே டெனாக்ஸ் மாதிரி ஒரு உறிஞ்சுபொருள் இருக்கும். சூடாக்கி, பொருள்களைத் தனித்தனியாப் பிரிச்சு அடையாளம் காட்டுற ஜிசி-எம்எஸ் கருவில விட்டா, ஸ்கிரீன்ல நூத்துக்கணக்கான பீக் (முகடு) வரும். 1971லயே வேதியியலாளர் லைனஸ் பாலிங் மூச்சுல சுமார் 250 பொருள் இருக்குன்னு காட்டிட்டார். பல பொருள்கள் நூறு கோடியில சில பங்குதான்.

ஒரு தடவை நோயாளிகளோட குழாய்கள்ல மட்டும் ஒரு பீக் பளிச்சுன்னு நிக்குது, மத்தவங்ககிட்ட இல்ல. எல்லாரும் ஸ்கிரீனைச் சுத்தி நின்னுட்டோம். அப்புறம் வெறும் அறைக்காத்து பிடிச்ச குழாயை ஓட்டினா, அதே இடத்துல அதே பீக். ஐசோபுரொப்பனால், கைக்குப் போடுற சானிடைசர். நோயாளிகளுக்கு வார்டுல எடுத்திருக்காங்க, மத்தவங்களுக்கு வேற கட்டடத்துல. இதை வச்சு உங்க சித்தப்பாகிட்ட "இருக்கு"ன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? 1999ல மைக்கேல் பிலிப்ஸ்ங்கிற ஆய்வாளரோட குழு லான்செட் மருத்துவ இதழ்ல, நுரையீரல் புற்றுநோயைக் காட்டிக்குடுக்கும்னு 22 பொருள் சொன்னாங்க. அடுத்தடுத்த குழுக்களோட பட்டியல் அதோட சரியா ஒத்துப்போகல. இந்தத் துறையோட தலைவலியே அதுதான்.

மதுரை செல்வி
பீக்கு கதையெல்லாம் சரி சார். எங்கம்மா பீடி, சிகரெட்டைத் தொட்டதில்ல. ஆயுசு பூரா விறகடுப்பு. இருமல்னு போனோம், எக்ஸ்ரேல நிழல். சளில கிருமி வரல, ஆனாலும் டிபி மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்க. எடை குறையுதுன்னு திரும்பப் போனா, "கோர்ஸை முடிங்க, பாதில விடக்கூடாது"ன்னாங்க. அம்மாவும் ஒரு வேளைகூடத் தவறாம முழுங்குச்சு. வெறும் வயித்துல, ஒன்னுக்கு ரெண்டு தடவை டப்பாவை எண்ணிப் பாத்துட்டு. அந்த எண்ணுற விரலு இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. கடைசில பயாப்சி எடுத்தப்ப நாலாவது ஸ்டேஜ். ஊதிப் பாத்து "இது டிபி இல்ல, வேற ஏதோ"ன்னு மட்டும் ஒரு மெஷின் சொல்லியிருந்தாப் போதும். நூத்துக்கு நூறு சரியா இருக்கணும்னு நான் கேக்கல.

சிங்காநல்லூர்க்காரன்
எங்கள் குடியிருப்பில் நடந்த முகாமில் பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒரு கருவியில் ஊதினார். எண் குறைவாக வந்ததும் "எனக்குக் கேன்சர் இல்லைங்க" என்று இருமிக்கொண்டே இறங்கிப் போனார். அது மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளந்து, ஒருவர் அண்மையில் புகைத்தாரா என்று காட்டும் கருவி. புகையை நிறுத்த வருபவர்களுக்கு உதவுவது. புற்றுநோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். மூச்சுப் பரிசோதனை இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது. காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பலன் நிரூபணமானது குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன். 2011இல் வெளியான அமெரிக்காவின் என்எல்எஸ்டி ஆய்வில் 53,000க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், சிடி எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. 2020இல் நெல்சன் என்ற ஐரோப்பிய ஆய்வு ஆண்களிடம் 24 சதவீதம் குறைந்தது என்றது. ஆனால் என்எல்எஸ்டியில் சந்தேகம் என்று வந்தவற்றில் 96 சதவீதம் புற்றுநோயே இல்லை. ஸ்கேனில் புள்ளி என்றதும் பதறாதீர்கள், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறு ஸ்கேன் எடுங்கள். செல்வி அவர்களே, சளியில் கிருமி இல்லாவிட்டால் டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனையைக் கேட்க வேண்டும், மருந்துக்கு நோய் குறையாவிட்டால் சிடி, பயாப்சி கேட்க வேண்டும். இரத்தம் துப்பினால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. புகைப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள். பழைய எக்ஸ்ரே படங்களைத் தூக்கி எறியாதீர்கள்.

மதுரை செல்வி
அண்ணே, கேட்டோம். கேட்டதுக்குக் கிடைச்ச பதிலைத்தான் மேல எழுதியிருக்கேன். நீங்க சொல்ற அமெரிக்க ஆய்வுல 30 வருஷம் தினம் ஒரு பாக்கெட் கணக்குல புகைச்சவங்களைத்தானே சேத்தாங்க? எங்கம்மாவை அந்த வரிசைல நிக்கவே விட்டிருக்க மாட்டாங்க. அடுப்புப் புகைய எந்த பாக்கெட்ல எண்ணுறது? அதுக்குத்தான் ஊதுற மெஷின் வேணுங்கிறேன்.

ஆய்வகவாசி
செல்வி அக்கா கேக்குறது நியாயம். புகைக்காதவங்க, டிபி இருந்தவங்க மூச்சையும் நிறைய எடுத்தாத்தான் அந்த மெஷினுக்கு உங்கம்மா மாதிரி ஆளைத் தெரியும். ஜெர்மனில நாய்களை வச்சுப் பாத்த ஆய்வுல 100 புற்றுநோய் மாதிரில 71ஐ மோப்பம் பிடிச்சதுங்க. அப்ப மூச்சுல ஏதோ இருக்கு. அது எந்தப் பொருள்னுதான் பிடிபடல.

கிளிநொச்சியான்
சித்தப்பான்ர ரெண்டாவது ஸ்கானில கட்டி வளரேல்ல. திரும்பவும் மூச்சு தரச் சொல்லிக் கேட்டிருக்கினம். முறுமுறுத்துக்கொண்டு ஓமெண்டிட்டார். கோப்பி குடிச்சிட்டுப் போகலாமோ?

ஆய்வகவாசி
அவங்க குடுத்த தாள்ல என்ன போட்டிருக்கோ அதைத்தான் செய்யணும் அண்ணா. அதுல ஒண்ணும் இல்லைன்னா போன் பண்ணிக் கேளுங்க. என்ன சாப்பிட்டார், எப்போன்னு நேர்ஸ்கிட்ட மறக்காம எழுதச் சொல்லுங்க. காப்பியும் எங்களுக்குப் பீக்காத்தான் வரும்.